ஒன்பது லட்சம் வரிகளும் ஒரு கூட்டல் குறியும்

டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் சில குடும்பங்கள் சேர்ந்து தங்கள் முன்னோரைத் தேட ஒரு பெயர்த் தொகுப்பு உருவாக்கி வருகின்றன. அதற்காக எழுதிய பைதான் ஸ்கிரிப்ட் (பைதான் மொழியில் எழுதிய சிறு நிரல்) 2023இல் ஒரு கட்டத்துக்குப் பிறகு ஓடி முடியவே இல்லை. லேப்டாப் பழசு என்றார் ஒருவர். ரேம் போதாது என்றார் இன்னொருவர். பைதானே மெதுவான மொழிதானே என்றும் பேச்சு வந்தது. புது மெஷின் வாங்கப் பணம் சேர்க்கலாமா என்பது வரை போய்விட்டார்கள். காரணம் ஸ்கிரிப்டின் ஒரே ஒரு வரியில் இருந்தது. அந்த வரியை எப்படிப் பிடித்தோம், அது அங்கே ஏன் வந்தது, அதை மாற்றும்போது எதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்பதை எழுதி வைக்கிறேன். இதே வரி இன்னும் எத்தனையோ ஸ்கிரிப்டுகளில் இருக்கிறது.

பின்னணி

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதிக்கு) வந்தவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உயரம், உடல் அடையாளம் என்று ஒரு வரி உண்டு. எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அதனால் முனிசாமி ஒரு பக்கத்தில் மூன்சாமி, இன்னொரு பக்கத்தில் முன்சமி. கவுண்டர் வழிவந்தவர்கள் இன்று கோவெண்டர். படையாட்சி படையாச்சியாகி அப்படியே குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

இந்த எழுத்துக் குழப்பம்தான் தொகுப்பின் மையச் சிக்கல். ஒரு பேரப்பிள்ளை இன்றைய எழுத்தில் தேடினாலும் அன்றைய எழுத்தில் இருக்கும் வரி கிடைக்க வேண்டும். அதற்காக ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஆளுக்கும் பல தேடல் வரிகளை உண்டாக்கும்: பெயருக்கு ஒன்று, தந்தை பெயருக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, அப்புறம் ஒவ்வொரு மாற்று எழுத்துக்கும் ஒன்று. சராசரியாக ஆளுக்கு ஆறு வரி. பதிவேடு முழுவதையும் ஏற்றினால் ஒன்றரை லட்சம் வரி ஒன்பது லட்சத்துக்கு மேல் போகும். எல்லாம் ஒரே பட்டியலில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன.

அறிகுறி தெளிவாகவே இருந்தது. முதல் கப்பல்கள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். 1870களின் கப்பல்களில் ஸ்கிரிப்ட் தயங்கும். 1890களைத் தொடும்போது ஒவ்வொரு கப்பலுக்கும் காத்துக் கிடக்க வேண்டும். அதற்குள் லோட் ஷெட்டிங் நேரம் வந்துவிடும். அந்த வருடம் தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய லேப்டாப்பின் பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அணைந்தால் ஓட்டம் நடுவிலேயே அறுந்துவிடும்.

வேகம் கூட்ட யாரோ ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள்: உயரம், உடல் அடையாளம் என்ற இரண்டு பத்திகளையும் எடுத்துவிடலாம், தேட அவை தேவையில்லை. தொகுப்பை நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு, எங்கள் எல்லாருக்கும் அவர் அக்கா, அதில் மனமே இல்லை. எனக்கும் இல்லை. ஒரே கப்பலில், ஒரே ஜில்லாவிலிருந்து, ஏறத்தாழ ஒரே வயதில் இரண்டு முனிசாமிகள் வந்திருந்தால் எவர் நம்மவர் என்று பிரித்துக்காட்டப் பல சமயம் அந்த ‘இடது முழங்காலில் தழும்பு’ மட்டும்தான் மிஞ்சுகிறது. தாத்தாவின் முழங்காலைப் பார்த்தவர்கள் சொல்லி, அது குடும்பத்தில் கதையாக நிற்கிறது. நூற்றைம்பது வருடம் தாளில் தப்பிய தகவலை ஒரு லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதியின்) வேகத்துக்காக வெட்டி எறியக்கூடாது. அப்படி வெட்டினாலும் வேகம் கூடியிருக்காது. அதன் காரணம் கீழே வருகிறது.

கண்டுபிடித்த விதம்

ஸ்கிரிப்டை எழுதியது அக்காவின் மகன், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை. கவனமாக எழுதியிருந்தான், பெயர்களெல்லாம் தெளிவு, ஃபங்ஷன்கள் (தனித்தனிப் பெயரிட்ட நிரல் துண்டுகள்) சிறியவை. எங்கே எவ்வளவு நேரம் போகிறது என்று அளக்க பைதானோடு வரும் சிபுரொஃபைல் கருவியை ஏற்கெனவே ஓட்டிப் பார்த்தும் இருந்தான். அது, ‘தேடல் வரி சேர்க்கும் ஃபங்ஷனில்தான் நேரமெல்லாம் போகிறது’ என்று காட்டியது. அந்த ஃபங்ஷனுக்குள் மாற்று எழுத்துகளை உண்டாக்கும் பகுதியும் இருந்ததால் அதுதான் கனம் என்று நினைத்து, அங்கேயே சுருக்கிச் சுருக்கிப் பார்த்திருக்கிறான். பலன் இல்லை.

சிபுரொஃபைல் ஃபங்ஷன் அழைப்புகளைத்தான் எண்ணும். இரண்டு பட்டியலைக் கூட்டும் + குறி அதன் கண்ணுக்கு ஃபங்ஷன் அல்ல. அதில் போகும் நேரம், சுற்றியிருக்கும் ஃபங்ஷனின் கணக்கில் போய் விழும். பத்து வரியுள்ள ஃபங்ஷனில் எந்த வரி தின்கிறது என்பதை அந்த அறிக்கை சொல்லாது.

இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு, நான் எப்போதும் முதலில் செய்வது அதைத்தான். உள்ளே போகும் தரவை இரட்டிப்பாக்கிப் பார்ப்பது. பதிவேட்டிலிருந்து 10,000 வரி, 20,000 வரி, 40,000 வரி என்று மூன்று முறை ஓட்டினோம். வேலை ஆளுக்கு ஆள் ஒரே அளவு என்றால் நேரமும் இரண்டிரண்டு மடங்காகத்தான் ஏற வேண்டும். இங்கே ஏறத்தாழ நான்கு நான்கு மடங்காக ஏறியது. கடைசித் தாவலில் நான்கையும் கொஞ்சம் தாண்டியது. பட்டியல் வளர்ந்து பிராசசரின் கேஷ் என்ற சிறிய, வேகமான நினைவகத்துக்குள் அடங்காமல் போகும்போது அப்படி ஆகும். நான்கு மடங்கு என்றால், ஒவ்வொரு புது வரிக்கும் ஸ்கிரிப்ட் பழைய வரிகள் எல்லாவற்றையும் ஒரு முறை தொடுகிறது என்று பொருள். எங்கே என்று தேடினால் போதும். கிடைத்தது இது:

பட்டியல் = பட்டியல் + [வரி]

உள்ளே நடப்பது

பைதானின் பட்டியல் என்பது மெமரியில் அடுத்தடுத்து நிற்கும் சுட்டிகளின் வரிசை. 64 பிட் கணினியில் ஒரு சுட்டிக்கு 8 பைட். பட்டியலில் இருப்பது ஆளின் விவரம் அல்ல, அந்த விவரம் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும். இதனால்தான் உயரத்தையும் தழும்பையும் எடுத்திருந்தாலும் இந்த இடத்தில் வேகம் கூடியிருக்காது: பத்திகள் பத்தானாலும் இரண்டானாலும் சுட்டி 8 பைட்தான்.

+ குறி இரண்டு பட்டியலையும் தொடாமல் மூன்றாவது ஒன்றைப் புதிதாகக் கட்டும். பழைய சுட்டிகள் எல்லாவற்றையும் அதில் நகலெடுக்கும். எடுக்கும்போது ஒவ்வொரு பொருளிடமும் போய், ‘உன்னைப் பிடித்திருப்பவர் இன்னும் ஒருவர் கூடினார்’ என்று அதன் எண்ணிக்கையை ஒன்று ஏற்றும். பிறகு பழைய பட்டியல் கழிக்கப்படும்போது மறுபடி எல்லாரிடமும் போய் ஒன்று இறக்கும். ஆக ஒரு வரி சேர்க்க, இருக்கும் வரிகளை இரண்டு சுற்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. அந்தப் பொருள்கள் மெமரியில் ஆங்காங்கே சிதறிக் கிடப்பதால் இந்தச் சுற்றுதான் நகலெடுப்பதைவிடக் கனமானது.

கணக்குப் போட்டுக் காட்டினேன். சுமார் 9,13,000 வரி வரை ஒவ்வொன்றாக இப்படிச் சேர்த்தால், நகலாகும் சுட்டிகள் மொத்தம் 41,700 கோடி அளவில் வரும். பைட்டில் சொன்னால் 3.3 டெராபைட். முடிவில் கையில் இருக்கும் பட்டியலோ 7 மெகாபைட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். புது லேப்டாப் வாங்கியிருந்தால் இந்த நேரம் பாதியாகியிருக்கலாம். தொகுப்பு இன்னும் வளர்ந்தால் அந்தப் பாதியும் கரைந்துவிடும்.

பட்டியலில் ஒன்றைச் சேர்க்கப் பைதானில் இருக்கும் இன்னொரு வழியான அப்பெண்ட் இதற்கு நேர் எதிர். அது இருக்கும் பட்டியலின் வாலில் ஒரு சுட்டியை வைத்துவிட்டு நகர்ந்துவிடும். வாலில் இடம் இல்லையென்றால்தான் பெரிய இடம் கேட்கும், அப்போதும் ஒன்றுக்குக் கேட்காமல் கூடுதலாகக் கேட்டு வைத்துக்கொள்ளும். இதைக் கண்ணால் பார்க்கலாம். பைதான் 3.9க்குப் பிறகு வந்த பதிப்பு ஒன்றில், காலிப் பட்டியலின் அளவை கெட்சைஸ்ஆஃப் கொண்டு கேட்டால் 56 பைட் என்று வரும். ஒன்றை அப்பெண்ட் செய்தால் 88. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது சேர்த்தாலும் அதே 88. ஐந்தாவதில் 120க்குத் தாவும். ஒன்பதாவதில் 184, பதினேழாவதில் 248. நடுவில் அசையாது. முதலில் 4 இடம், அப்புறம் 8, 16, 24 என்று வாங்கிக்கொண்டே போகிறது. பட்டியல் பெரிதானதும் ஒவ்வொரு முறையும் எட்டில் ஒரு பங்கு அதிகமாகக் கேட்கும்.

தம்பி, அதாவது ஸ்கிரிப்டை எழுதிய பிள்ளை, இதைத் தானே தட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் அவனுக்குப் படிந்தது. எட்டில் ஒரு பங்கு என்பது சின்னதாகத் தெரியும். ஆனால் பங்கு என்பதால் பட்டியலோடு சேர்ந்து அதுவும் வளர்கிறது. ஒன்பது லட்சம் வரி சேர்த்து முடிக்க இடம் பெரிதாக்கும் வேலை நூறு முறைகூட நடப்பதில்லை. அத்தனை முறையும் முழுப் பட்டியலை இடம் மாற்றினாலும் நகலாகும் சுட்டிகள் ஒரு கோடிக்குள் அடங்கிவிடும். பொருள்களின் எண்ணிக்கையை ஏற்றி இறக்கும் சுற்றும் கிடையாது. 41,700 கோடி எங்கே, ஒரு கோடி எங்கே!

கூட்டல் குறி ஏன் வந்தது

இதுவரை சொன்னது பாடப் புத்தகத்தில் இருக்கும். இந்த நிகழ்வில் நான் முக்கியமாக நினைப்பது இனி வருவது. அப்பெண்ட் தெரியாமல் அவன் + போடவில்லை.

“முதலில் அப்பெண்ட்தான் போட்டிருந்தேன் அங்கிள். சரிபார்ப்பு அறிக்கை எல்லாமே காலியாக வந்தது. ப்ளஸ் போட்டதும் சரியாகிவிட்டது” என்றான்.

ஒவ்வொரு கப்பல் முடிந்ததும் அந்தக் கப்பலால் புதிதாகச் சேர்ந்த தேடல் வரிகளை மட்டும் தனியே அச்சிட்டுத் தருவார்கள். பதிவேட்டுப் பக்கத்தின் படத்தை வைத்துக்கொண்டு ஓர் ஆன்ட்டி அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். அதற்காக அவன் கப்பல் தொடங்கும்போது ‘முன்பு = பட்டியல்’ என்று வைத்துக்கொண்டு, முடிந்ததும் முன்புக்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தான். பைதானில் அந்த வரி நகல் எடுக்காது. ஒரே பட்டியலுக்கு இன்னொரு பெயர் வைக்கும், அவ்வளவுதான். அப்பெண்ட் அந்தப் பட்டியலையே வளர்த்தால் ‘முன்பு’ என்பதும் கூடவே வளர்ந்துவிடும். வித்தியாசம் சுழி. + போட்டால் புதுப் பட்டியல் பிறக்கும், ‘முன்பு’ பழையதிலேயே நிற்கும். அறிக்கை சரியாக வரும்.

ஆக அந்தக் கூட்டல் குறி ஒரு பாதுகாப்பு வேலையைச் செய்துகொண்டிருந்தது. இதைக் கேட்காமல், ‘+ மெதுவானது, அப்பெண்ட் வேகமானது’ என்று மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் ஸ்கிரிப்ட் பறந்திருக்கும், சரிபார்ப்பு அறிக்கைகள் சத்தமில்லாமல் காலியாகியிருக்கும். பட்டியல் += [வரி] என்று சுருக்கி எழுதினாலும் அதே விபத்துதான். பார்க்க + போலவே இருந்தாலும் பட்டியலைப் பொறுத்தவரை += இருந்த இடத்திலேயே வளர்க்கும், புதிது கட்டாது. ஒரு எழுத்து கூடியதில் பொருளே மாறிவிடுகிறது. இந்த மொழியில் நான் இளையவர்களுக்கு நிறுத்திச் சொல்லும் இடம் இது.

கப்பலுக்கு ஒரு நகல் எடுத்து வைக்கலாம் என்பது முதலில் வந்த தீர்வு. கப்பல் பயணங்கள் நானூறுக்கும் குறைவுதான், தாங்கும். ஆனால் அதுகூடத் தேவைப்படவில்லை. பட்டியலில் வாலில் மட்டும்தான் சேர்க்கிறோம், நடுவில் எதையும் மாற்றுவதில்லை என்றால், பழைய நிலையை நினைவில் வைக்க அதன் நீளம் போதும். கப்பல் தொடங்கும்போது நீளம் 3,40,000 என்றால், முடிந்ததும் 3,40,000இலிருந்து வால் வரை வெட்டி எடுத்தால் அதுவே புது வரிகள். பதிவேட்டு எழுத்தர்கள் செய்ததும் இதைத்தான்: எண்கள் வந்த வரிசையில் ஏறிக்கொண்டே போகும், ஒரு கப்பல் என்பது இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை.

இரண்டு வரி மாறியது. சேர்க்கும் பகுதிக்கு நேரம் பிடிப்பதே தெரியவில்லை. மீதியிருந்தது கோப்புகளைப் படிக்கும் நேரமும் மாற்று எழுத்து உண்டாக்கும் நேரமும்தான். அறிக்கைகளைப் பழையவற்றோடு ஒப்பிட்டோம், வரிக்கு வரி ஒன்றாக இருந்தன. இந்த ஒப்பீட்டை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது.

தொடாமல் விட்டவை

கப்பல் தலைப்புகளின் தனிப் பட்டியல் ஒன்றில் அவன் இன்சர்ட் கொண்டு புதியதை முதல் இடத்தில் செருகியிருந்தான். தலையில் செருகினால் மற்றவை எல்லாம் ஓர் இடம் நகர வேண்டும். ஒன்பது லட்சத்தில் அது தவறு. அங்கே டெக் என்ற இருபுறமும் திறந்த அமைப்பையோ, வாலில் சேர்த்துக் கடைசியில் ஒரே முறை திருப்பிப் போடுவதையோ சொல்லியிருப்பேன். சில நூறு தலைப்புகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, படிக்கவும் தெளிவாக இருந்தது. அப்படியே விட்டோம். முன்கூட்டியே காலி இடங்களோடு பெரிய பட்டியல் செய்து வைத்து நிரப்பும் உத்தியையும் ஒருவர் கேட்டார். அப்பெண்ட் இருக்கும்போது அதில் கிடைக்கும் லாபம் அற்பம். எத்தனை வரி வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற தொல்லைதான் மிச்சம்.

வட்டிலும் அதே நோய்

மின்சாரம் போனால் பாதி வேலையாவது மிஞ்சட்டும் என்று, ஒவ்வொரு கப்பல் முடிந்ததும் முழுப் பட்டியலையும் ஜேசன் என்ற எழுத்து வடிவில் ஒரே கோப்பாக எழுதி வைத்திருந்தான். நல்ல எண்ணம். ஆனால் அந்தக் கோப்பு முழுவதும் ஒரே சதுர அடைப்புக்குள் இருப்பதால் வாலில் ஒட்ட முடியாது, ஒவ்வொரு முறையும் ட்ரூரோவிலிருந்து எழுத வேண்டும். கடைசிக் கப்பல்களில் சில ஆயிரம் புது வரிக்காக ஒன்பது லட்சத்தையும் எழுதியது. மெமரியில் + செய்த அதே வேலையை வட்டில் செய்துகொண்டிருந்தது.

வரிக்கு ஒரு ஜேசன் என்று பிரித்து, கோப்பைச் சேர்க்கும் முறையில் திறந்து, அந்தக் கப்பலின் புது வரிகளை மட்டும் ஒட்டினோம். ஒட்டியதும் ஃப்ளஷ் (பைதானின் கையில் இருப்பதை இயங்குதளத்திடம் தள்ளுவது), அதன்பின் எஃப்சிங்க் (இயங்குதளத்தை வட்டில் எழுத வைப்பது). இல்லையென்றால் எழுதியதாக நாம் நினைப்பது இயங்குதளத்தின் கையிலேயே நின்று, மின்வெட்டில் போய்விடும். எழுதும் நடுவில் அணைந்தால் கடைசி வரி அறுந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு கப்பல் முடிவிலும் கப்பல் பெயரோடு ஒரு முடிவு வரி எழுதுகிறோம். மறுபடி தொடங்கும்போது கடைசி முடிவு வரிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு, அடுத்த கப்பலிலிருந்து ஓடும்.

வேறு மொழிகளில்

இது பைதானுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. அலுவலகத்தில் பவர்ஷெல் மொழியில் எழுதுபவர்கள் சாதாரண அரேயில் (அங்கே பட்டியலுக்குப் பெயர்) += போடும்போது நடப்பது புது அரே கட்டும் வேலைதான், ஏனென்றால் அங்கே அரேயின் நீளம் மாறாதது. 7.5 பதிப்பில் அதை வேகப்படுத்தியிருக்கிறார்கள், இருந்தாலும் பெரிய லூப்புக்கு ஜெனரிக் லிஸ்ட் எடுத்து அதில் ஆட் செய்வதே நல்லது. ஆர் மொழியில் லூப்புக்குள் சி என்ற ஃபங்ஷன் கொண்டு ஒட்டிக்கொண்டே போவதும் இதே வகை. டிக்கிள் மொழியில் எல்அப்பெண்ட் என்ற சேர்க்கும் கட்டளைக்குப் பட்டியலின் மதிப்பைக் கொடுப்பதில்லை, மாறியின் பெயரைக் கொடுக்கிறோம். அதனால் அது இருந்த இடத்திலேயே வளர்க்க முடிகிறது. அதே பட்டியலை இன்னொரு மாறியும் பிடித்திருந்தால் மட்டும் அப்போது ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். தம்பிக்கு நேர்ந்த ‘முன்பு’ விபத்து அங்கே நேராது.

இப்போதைய நிலை

உயரமும் உடல் அடையாளமும் பத்திகளாகத் தொடர்கின்றன. ஒரே நீளப் பட்டியலுக்குப் பதிலாக, எழுத்து வடிவத்தைச் சாவியாக வைத்து ஒவ்வொரு சாவிக்கும் ஒரு சிறு பட்டியல் என்று டிஃபால்ட்டிக்ட் அமைப்புக்கு மாற்றும் வேலையைத் தம்பி தொடங்கியிருக்கிறான். தேடும்போது ஒன்பது லட்சத்தையும் துழாவ வேண்டியிருக்காது. அதில் நீளத்தைக் குறித்துவைக்கும் உத்தி செல்லாது, வரிகள் பல பட்டியல்களில் பிரிந்துவிடும் என்று அவனே கண்டுகொண்டான். ஒவ்வொரு வரியிலும் கப்பல் பெயரைச் சேர்த்து, ஒட்டும் கோப்பிலிருந்தே சரிபார்ப்பு அறிக்கையை எடுப்பதாக ஏற்பாடு. தெலுங்குப் பெயர்களின் மாற்று எழுத்துகளுக்கு விதிகள் எழுத அக்கா டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் ஒரு குடும்பத்திடம் பேசி வருகிறார்.